குளத்தங்கரையிலும் தென்னை விளையிலும்: பிள்ளைகளோடு பறவை பார்க்கவும் கூடு கவனிக்கவும் ஒரு வழிகாட்டி

பறவை பார்க்கத் தொடங்கும் பிள்ளைகளை எடுத்த எடுப்பிலேயே குமரி மாவட்டத்தின் தேரூர் குளத்துக்கோ மணக்குடிக் காயலுக்கோ கூட்டிக்கொண்டு போக வேண்டாம். அங்கே பறவைகள் ஏராளம். ஆனால் எல்லாம் தூரத்தில், தண்ணீருக்கு நடுவே, கண்கூசும் வெளிச்சத்தில் இருக்கும். பெயர் தெரியாத ஐம்பது உருவங்களை ஒரே காலையில் பார்த்த பிள்ளை மறுவாரம் வராது. பள்ளி வளாகம், வீட்டுப் புரயிடம், அடுத்திருக்கும் தென்னை விளை, அதை ஒட்டி ஓடும் வாய்க்கால் ஆகியவை முதல் ஒரு மாதத்துக்குத் தாராளமாகப் போதும்.

இந்த வழிகாட்டி ஆறாம் வகுப்பு முதல் பதினொன்றாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளையும், அவர்களோடு நிற்கும் ஓர் ஆசிரியரையோ பெற்றோரையோ மனத்தில் வைத்து எழுதப்பட்டது. குழுவுக்கு ஐந்து அல்லது ஆறு பேர் சரி. பத்துப் பேர் ஆனால் பேச்சுச் சத்தத்திலேயே பறவை போய்விடும். ஆள் கூடினால் இரண்டு குழுவாகப் பிரித்து வேறு வேறு கரையில் நிறுத்துங்கள். ஒவ்வொரு முறையும் ஒருவர் பார்த்துச் சொல்ல, ஒருவர் எழுத, ஒருவர் நேரம் கவனிக்க, ஒருவர் வானத்தையும் முதுகுப்பக்கத்தையும் பார்க்க வேண்டும். அடுத்த வாரம் வேலையை மாற்றிக்கொள்ளுங்கள். எழுதுகிற வேலையை எப்போதும் கையெழுத்து நன்றாக உள்ள ஒரே பிள்ளையிடம் தள்ளிவிடுவது வழக்கம். அப்படிச் செய்தால் மற்றவர்களுக்குக் குறிப்பெடுக்கும் பழக்கமே வராமல் போகும்.

முதல் மாதம்: பத்துப் பறவை

காகம், அண்டங்காக்கை, மைனா, தவிட்டுக்குருவி, கரிச்சான், செம்போத்து, கொண்டைக்குருவி, தேன்சிட்டு, மீன்கொத்தி, மடையான். குமரி மாவட்டத்தில் எந்த ஊரில் நின்றாலும் இவற்றில் பெரும்பாலானவை கண்ணில் படும். புத்தகத்தைத் திறக்காமல் இந்தப் பத்தையும் அடையாளம் சொல்லத் தெரிந்த பிறகே மேலே போகலாம்.

அடையாளம் காணும்போது நிறத்தைக் கடைசியாகப் பாருங்கள். புதிதாக வருபவர்கள் எல்லாரும் நிறத்தில்தான் தொடங்குகிறார்கள், வழுக்கி விழுவதும் அங்கேதான். வெயிலுக்கு எதிரே நின்றால் எந்தப் பறவையும் கறுப்பு. முதலில் அளவைக் கவனியுங்கள்: சிட்டுக்குருவி அளவா (ஏறத்தாழ 15 செ.மீ.), மைனா அளவா (25 செ.மீ. அளவில்), காகம் அளவா (40 செ.மீ.க்குச் சற்று மேல்)? அடுத்து அலகின் வடிவம். பிறகு அது இருக்கும் இடம், செய்யும் வேலை. வால் ஆட்டுகிறதா, தத்திப் போகிறதா, நடக்கிறதா? நிறம் அதற்கப்புறம்.

பயிற்சி இதுதான். ஒரு பறவையை ஒரு நிமிடம் கண்ணெடுக்காமல் பாருங்கள். பிறகு திரும்பி நின்று நோட்டில் வரையுங்கள். முட்டை வடிவில் உடம்பு, சின்ன வட்டத்தில் தலை, அலகு, வால், கால், அவ்வளவுதான். படம் அழகாக வர வேண்டியதில்லை. கால் என்ன நிறம், கண்ணைச் சுற்றிக் கோடு உண்டா, வாலடியில் என்ன நிறம் என்று வரையும்போது விட்டுப்போன இடங்கள் தானாகத் தெரியும். அந்தக் கேள்விகளோடு திரும்பிப் பார்த்தால் இரண்டாவது நிமிடத்தில் பறவை முழுசாகப் பிடிபடும். செம்புழைக் கொண்டைக்குருவியின் வாலடிச் சிவப்பை முதல் பார்வையில் தவறவிடாத பிள்ளை அபூர்வம்.

உள்ளூர்ப் பெயரை ஒதுக்க வேண்டாம். மீன்கொத்தியைப் பொன்மான் என்று பாட்டி சொன்னால் அதையும் எழுதுங்கள். பக்கத்தில் நூல்களில் வழங்கும் பெயரையும் சேர்த்து எழுதினால் போதும். ‘குருவி’, ‘கொக்கு’ என்று மட்டும் எழுதிய குறிப்பு ஆறு மாதம் கழித்து யாருக்கும் உதவாது.

பைனாகுலரும் மற்றவையும்

குழுவுக்கு ஒரு பைனாகுலர் இருந்தாலே வேலை நடக்கும். 8×42 என்று எழுதியிருப்பதை வாங்குங்கள். எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன்கண்ணாடியின் குறுக்களவு 42 மி.மீ. என்று பொருள். 10×50, 20×50 என்று கடைக்காரர் தூக்கிக் காட்டுவார். எண் கூடினால் நல்லது என்று தோன்றும். ஆனால் மடங்கு கூடக் கூடக் கை நடுக்கமும் அதே மடங்கு பெரிதாகத் தெரியும். பார்வைப் பரப்பு சுருங்கி, பறவையைக் கண்டுபிடிப்பதே பாடாகிவிடும். பிள்ளைகள் கைக்கு எட்டு மடங்குதான் சரி.

கையில் வந்ததும் இப்படிச் சரிசெய்யுங்கள். இரண்டு குழலையும் மடக்கி விரித்து, இரண்டு வட்டமும் ஒரே வட்டமாகத் தெரியும் அகலத்துக்குக் கொண்டுவாருங்கள். வலது முன்கண்ணாடியைக் கையால் மூடி, இடது கண்ணால் ஒரு பெயர்ப்பலகையைப் பார்த்து நடுச்சக்கரத்தைத் திருப்பி எழுத்தைத் தெளிவாக்குங்கள். இப்போது இடது பக்கத்தை மூடி, வலது கண்ணால் அதே பலகையைப் பார்த்து, வலது கண்பக்கமுள்ள வளையத்தை மட்டும் திருப்புங்கள். அந்த வளையம் எந்த எண்ணில் நின்றது என்று ஒவ்வொரு பிள்ளையும் தன் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். கருவி கைமாறும்போது அந்த எண்ணுக்குத் திருப்பினால் போதும். ‘எனக்கு மங்கலாத்தான் தெரியுது’ என்ற புகாரில் பெரும்பகுதி இதைச் செய்யாததால் வருவது. கண்ணாடி போட்ட பிள்ளைகள் கண்பக்க ரப்பரைக் கீழே மடக்கிக்கொள்ள வேண்டும்.

பறவையைக் கண்ணால் பிடித்துவிட்டு, பார்வையை அசைக்காமல் பைனாகுலரை முகத்துக்குக் கொண்டுவர வேண்டும். முகத்தில் வைத்துக்கொண்டு மரம் முழுக்கத் தேடினால் கிடைக்காது. இதை முதலில் தென்னையின் ஒரு குறிப்பிட்ட இளநீர்க் குலையை வைத்துப் பழகலாம். அது பறந்து போகாது.

மற்றவை: கெட்டி அட்டை போட்ட சிறு நோட்டு, பென்சில் (பேனா மை சாரலில் கரையும்), கைக்கடிகாரம், ஐந்து மீட்டர் அளவு நாடா, தொப்பி, தண்ணீர். உடுப்பு பச்சை, காக்கி, மண் நிறத்தில் இருக்கட்டும். வெள்ளைச் சட்டை வேண்டாம்.

சத்தத்தைக் கேட்டு இன்ன பறவை என்று சொல்லும் மெர்லின் போன்ற கைபேசிச் செயலியைப் பயன்படுத்தலாம், ஆனால் அது சொல்வதைத் துப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கரிச்சான் பிற பறவைகளின் குரலைப் போலச் செய்யும். அதைக் கேட்டுச் செயலி இல்லாத பறவையின் பெயரைச் சொல்லும். கண்ணால் பார்க்காமல், காதால் உறுதியாகத் தெரியாமல் பட்டியலில் ஏற்றாதீர்கள். செயலியில் உள்ள குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பது அறவே கூடாது. தன் எல்லைக்குள் இன்னொரு ஆண் வந்துவிட்டதாக எண்ணி அது அடைகாப்பதையும் தீனி தேடுவதையும் விட்டுவிட்டு அலையும்.

குளத்தங்கரை

இரண்டாவது மாதத்தில் குளத்துக்குப் போகலாம். சுசீந்திரம்–தேரூர் ஈரநிலத் தொகுதியும் (94.23 ஹெக்டேர்) வேம்பனூர் ஈரநிலத் தொகுதியும் (19.75 ஹெக்டேர்) 2022-ல் ராம்சர் தளங்களாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களாக, அறிவிக்கப்பட்டவை. கடலோரத்தில் பழையாறு கடலில் சேரும் மணக்குடியும் அதை அடுத்த புத்தளம் உப்பளங்களும் இருக்கின்றன. ஆனால் உங்கள் ஊர்க் குளம் நடந்துபோகும் தூரத்தில் இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். வாரம் ஒருமுறை ஓர் ஆண்டு முழுக்கப் பார்த்த சிறு குளத்தின் கணக்கு, ஒரே ஒரு நாள் வேன் பிடித்துப் போய்ப் பார்த்த பெரிய குளத்தின் பட்டியலைவிடப் பல மடங்கு பயனுள்ளது.

காலை 6.15 முதல் 8.30 வரை நல்ல நேரம். வெயில் முதுகில் விழும்படி, காலையில் கிழக்குக் கரையிலும் மாலையில் மேற்குக் கரையிலும் நில்லுங்கள். ஒரு முக்கியமான நாகரிகம்: படித்துறையில் ஆட்கள் குளித்துக்கொண்டிருந்தால் அந்தப் பக்கம் பைனாகுலரைத் திருப்பவே கூடாது. கரைக்குப் போனதும் அங்கிருப்பவர்களிடம் ‘பறவை கணக்கெடுக்க வந்திருக்கோம்’ என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். சண்டை வராது, பல நேரம் நீங்கள் அறியாத கூட்டையும் அவர்களே காட்டுவார்கள். வயலில் தண்ணீர் பாய்ச்சுபவர்களுக்கும் பனையேறிகளுக்கும் தெரிந்த பறவைச் செய்தி எந்த நூலிலும் இல்லை.

குளத்தில் முதல் குழப்பம் வெள்ளைக் கொக்குகள். அலகு மஞ்சள், கழுத்து குட்டை, மாட்டுக்குப் பின்னால் திரிகிறது என்றால் உண்ணிக்கொக்கு. அலகு கறுப்பு, கால் கறுப்பு, பாதம் மட்டும் மஞ்சள் என்றால் சின்னக்கொக்கு. பாதம் சேற்றில் புதைந்திருக்கும். அது காலைத் தூக்கும்வரை காத்திருங்கள். பெரியகொக்குக்கு வாய்ப்பிளவுக் கோடு கண்ணைத் தாண்டிப் பின்னால் போகும். நடுத்தரக் கொக்குக்குக் கண்ணுக்கு நேர்கீழேயே நின்றுவிடும். மடையான் உட்கார்ந்திருக்கும்போது மண் நிறம், பறந்தால் சிறகு முழுக்க வெள்ளை. பறக்கும்போது மட்டும் பார்த்த பிள்ளை அதை வேறு கொக்கு என்று எழுதும்.

கூட்டத்தை எண்ண, முதலில் பத்துப் பறவையைத் தனித்தனியாக எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கண்ணில் வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு அதே அளவு துண்டுகளாகக் கூட்டத்தை வெட்டிக்கொண்டே போங்கள். இருவர் தனித்தனியே எண்ணி, முடியும்வரை ஒருவருக்கொருவர் சொல்லாமல் எழுத வேண்டும். இரண்டு எண்ணுக்கும் இடையே பெரிய வேறுபாடு இருந்தால் மீண்டும் எண்ணுங்கள். ‘நிறைய’ என்று எழுதுவதைவிட ‘சுமார் 120’ மேல்.

தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் பெறும் மாவட்டம் இது. கன்னிப்பூ, கும்பப்பூ என்று நெல் இரண்டு பூவாக (போகமாக) விளைவதால், வயலில் தண்ணீர் நிற்கும் மாதங்களும் குளம் வற்றும் மாதங்களும் மாறி மாறி வரும். வட நாடுகளிலிருந்து வரும் உள்ளான், ஆலா, வாத்து வகைகளை அக்டோபர் முதல் மார்ச் வரை எதிர்பார்க்கலாம். குளம் வற்றிச் சேறு தெரியும்போது உள்ளான் கூடும், நிறைந்து நின்றால் முக்குளிப்பானும் தாழைக்கோழியும்தான். அதனால் ஒவ்வொரு முறையும் நீர்மட்டத்தையும் எழுதுங்கள். மடைக்கல்லிலோ படித்துறையிலோ எத்தனை படி வெளியே தெரிகிறது என்று குறித்தால் போதும். இந்த ஒரு எண் இல்லாததால் பறவை ஏன் கூடியது, ஏன் குறைந்தது என்று சொல்ல முடியாமல் போன மாணவர் செயல்திட்டங்கள் எத்தனையோ.

கூடு: தள்ளி நின்று படிப்பது

கூட்டைப் படிப்பது என்றால் கூட்டுக்குள் எட்டிப் பார்ப்பது என்று பிள்ளைகள் நினைப்பார்கள். அந்த எண்ணத்தை முதல் நாளே மாற்றுங்கள். படிக்க வேண்டியது தாய்தகப்பன் பறவைகளின் போக்குவரத்தை. அதைப் பார்த்தே உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்லிவிடலாம். அலகில் நாரும் குச்சியும் இருந்தால் கட்டுகிறது. ஒரு பறவை போய் உட்கார்ந்து நெடுநேரம் வெளியே வரவில்லை என்றால் அடை. அலகில் புழுவோடு வந்து வெறும் அலகோடு போனால் குஞ்சு. உள்ளேயிருந்து வெள்ளை உருண்டை ஒன்றைக் கவ்விக்கொண்டு பறந்தால் அது குஞ்சின் மலப்பை, குஞ்சு உறுதி. இத்தனையும் பதினைந்து மீட்டர் தூரத்திலிருந்தே தெரியும்.

சட்டமும் இதையே சொல்கிறது. 1972-ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் காட்டுப் பறவைகளின் முட்டையைச் சேதப்படுத்துவதையும், முட்டைக்கோ கூட்டுக்கோ இடையூறு செய்வதையும் வேட்டை என்ற சொல்லுக்குள்ளேயே அடக்கியிருக்கிறது. கீரிப்பாறை, பேச்சிப்பாறைப் பக்கக் காடுகளில் வனத்துறை அனுமதியில்லாமல் போகவே கூடாது. தனியார் விளை என்றால் உரிமையாளரிடம் கேட்டுவிட்டுப் போங்கள்.

தூரம் எவ்வளவு? தையல்சிட்டு, தேன்சிட்டு, கொண்டைக்குருவி போல வீட்டுப் பக்கம் பழகியவற்றுக்கு 10 முதல் 15 மீட்டர். தூக்கணாங்குருவிக் கூட்டத்துக்கு 20 முதல் 25. பருந்து, ஆந்தை என்றால் 50 மீட்டருக்குக் குறையாமல். இவை தொடக்க அளவுகள்தான், முடிவு பறவையுடையது. இரை கவ்வி வந்த பறவை கூட்டுக்குள் போகாமல் பக்கத்துக் கிளையில் நின்று கத்துகிறதா? நீங்கள் நெருங்கிவிட்டீர்கள். உடனே பத்து மீட்டர் பின்வாங்குங்கள். ஐந்து நிமிடத்தில் உள்ளே போனால் அதுதான் உங்கள் இடம். போகவில்லை என்றால் அன்றைய பார்வையை அதோடு முடித்துக்கொள்ளுங்கள்.

ஒரு கூட்டுப் பார்வையை இப்படி நடத்துங்கள்:

1. கூடு தெரியும், ஆனால் கூட்டுக்கு நேர்வழியில் இல்லாத ஓர் இடத்தைத் தேர்ந்து, கல்லோ குச்சியோ வைத்து அடையாளம் செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் அங்கேயே உட்காருங்கள்.
2. வந்த வழியிலேயே திரும்பாமல் கூட்டைக் கடந்து வேறு வழியாக வெளியேறுங்கள். கூடு இருக்கும் இடத்தில் முடிகிற ஒற்றையடிப் பாதை கீரிக்கும் பூனைக்கும் வழிகாட்டிப் பலகை.
3. முதல் ஐந்து நிமிடம் எதையும் எழுத வேண்டாம். பறவை உங்களை மறக்கட்டும். பிறகு 30 நிமிடம் கணக்கு.
4. ஒவ்வொரு வரவையும் போக்கையும் மணி நிமிடத்தோடு எழுதுங்கள். ஆண் பெண் வேறுபாடு தெரிந்தால் அதையும்.
5. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை போதும். மழையிலும் கடும் வெயிலிலும் போகாதீர்கள். உங்களால் தாய் எழுந்துவிட்டால் முட்டையும் குஞ்சும் நனையும் அல்லது வெந்துபோகும்.

கட்டும் நிலையிலும், முட்டையிட்ட முதல் சில நாட்களிலும் பறவை எளிதில் கூட்டைக் கைவிடும். அந்த நாட்களில் தூரத்தை இரட்டிப்பாக்குங்கள். இன்னொரு முனையிலும் ஆபத்து உண்டு. இறகு முளைத்துக் கூட்டு விளிம்பில் நிற்கும் குஞ்சுகள் ஆள் நெருங்கினால் பறக்கத் தெரியாத நிலையிலேயே குதித்துவிடும். காகம் கூடவே கவனிக்கிறது என்பதையும் மறக்கக் கூடாது. நீங்கள் உற்றுப் பார்க்கும் புதரை அது அடுத்ததாகப் போய்ப் பார்க்கும். காகம் அருகில் இருந்தால் வேறு மரத்தைப் பார்ப்பதுபோல் சற்று நேரம் நின்று, அது போன பிறகு தொடங்குங்கள்.

படம் எடுக்க இலையை ஒதுக்குவது, கிளையை வளைத்துக் கட்டுவது, சிறு கொப்பை ஒடிப்பது எதுவும் கூடாது. அந்த இலைதான் கூட்டுக்கு நிழல். வாட்ஸ்ஆப்பில் கூடு இருக்கும் இடத்தைப் போடாதீர்கள்.

எந்தக் கூட்டில் தொடங்குவது? நம் மாவட்டத்தில் பிள்ளைகளுக்கு ஏற்றவற்றுள் தூக்கணாங்குருவிதான் முதலிடம். வெளிப்படையாகத் தொங்குகிறது, ஒரே மரத்தில் பல கூடு, உள்ளே பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. தென்னையிலும் பனையிலும், கிணற்றுக்கோ வாய்க்காலுக்கோ மேல் சாய்ந்த மரங்களிலும் தேடுங்கள். ஆண் குருவி நெல் தாளிலும் தென்னை ஓலையிலும் 20 முதல் 60 செ.மீ. நீள நார் கிழித்து வந்து முடிகிறது. இலையின் ஓரத்தை அலகால் கடித்துப் பிடித்துக்கொண்டு அப்படியே பறக்கும். பறக்கிற வேகத்தில் நார் உரிந்து வரும். ஐந்து நிமிடம் ஒரு ஓலையையே பார்த்துக்கொண்டிருந்தால் இதைக் கண்ணால் காணலாம். முதலில் ஒரு வளையம், அதன் ஒரு பக்கம் குடுவை, இரண்டும் சேர்ந்து தலைகீழான தொப்பி. இந்தத் தொப்பி நிலையில் வேலையை நிறுத்திவிட்டு, சிறகடித்துப் பெண்ணைக் கூப்பிடும். பெண் வந்து உள்ளே புகுந்து சோதித்து ஏற்றுக்கொண்டால்தான் மிச்சக் குடுவையும் கீழ்நோக்கிய குழல் வாசலும் கட்டப்படும். முழுக் கூட்டுக்கு ஏறத்தாழ 18 நாள் ஆகும், அதில் 8 நாள் தொப்பிவரை. பெண் ஏற்காத தொப்பி அப்படியே தொங்கும். அடைகாப்பது பெண் மட்டுமே. ஆண் அடுத்த தொப்பிக்குப் போய்விடும். ஒரே ஆணுக்கு அடுத்தடுத்துப் பல பெண்கள் என்ற இந்த வழக்கத்தை 1930-ல் மகாராஷ்டிரக் கடற்கரையில் கவனித்து எழுதியவர் பறவையியலாளர் சாலிம் அலி. அவரே 1933-ல் திருவிதாங்கூர்–கொச்சிப் பகுதிகளின் பறவைகளைக் கணக்கெடுத்தார். அன்று நம் மாவட்டமும் திருவிதாங்கூரில்தான் இருந்தது.

ஆகவே ‘மரத்தில் 23 கூடு’ என்று எழுதுவது பாதிக் கணக்கு. மரத்தைப் படமாக வரைந்து, ஒவ்வொரு கூட்டுக்கும் எண் கொடுத்து, வாரம் ஒருமுறை வளையம், தொப்பி, குழல் வைத்தது, விழுந்தது என்று நிலையை எழுதுங்கள். கூடவே அடுத்த வயலில் நெற்பயிர் எவ்வளவு உயரம் என்று அளந்து எழுதுங்கள். நார் கிழிக்கும் அளவுக்குத் தாள் நீண்ட வாரத்துக்கும் தொப்பிகள் கூடிய வாரத்துக்கும் உள்ள தொடர்பு வரைபடத்தில் தெரியும்.

இங்கே கேட்கத் தகுந்த நல்ல கேள்வி ஒன்று உண்டு. தூக்கணாங்குருவிகள் தென்மேற்குப் பருவக் காற்றுக்கு மறைவாக மரத்தின் கிழக்குப் பக்கத்திலேயே பெரும்பாலும் கூடு கட்டும் என்று பல இடங்களில் கவனித்திருக்கிறார்கள். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகக் காற்று சீறி வரும் தோவாளைப் பக்கத்திலும், மலை மறைவில் இருக்கும் ஊர்களிலும் இது ஒரே மாதிரி இருக்கிறதா? ஒரு திசைகாட்டி, ஐந்து மரம், ஒரு பருவம். மாவட்ட அறிவியல் கண்காட்சிக்கு வேறெதுவும் தேட வேண்டாம்.

கீழே விழுந்து கிடக்கும் பழைய கூட்டை அங்கேயே வைத்துப் பார்க்கலாம்: எடை, நீளம், குடுவைக்குள் ஒட்டியிருக்கும் ஈர மண் காய்ந்த கட்டி, எந்த இலையின் நார். பேன் போன்ற உண்ணிகள் இருக்கும், கையுறை போடுங்கள், பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மரத்தில் தொங்கும் காலிக்கூட்டைப் பறிக்காதீர்கள். சில்லைகள் அவற்றில் குடியேறும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். தையல்சிட்டு அகலமான இலைச் செடிகளில் ஆள் உயரத்துக்குக் கீழேயே இலையைத் தைத்துக் கட்டும். செடிக்குத் தண்ணீர் ஊற்றும்போது கவனம் தேவை. பனை உழவாரன் பனையோலையின் அடிப்பக்கத்தில் எச்சிலால் ஒட்டிய சிறு கிண்ணம் கட்டும். கீழிருந்து போக்குவரத்தை மட்டுமே எண்ண முடியும். ஆள்காட்டி கட்டாந்தரையில் மூன்று நான்கு முட்டை இடும். தலைக்கு மேல் கத்திக்கொண்டு சுற்றினால் அப்படியே நின்று, காலடியைப் பார்த்துப் பார்த்து வந்த தடத்திலேயே திரும்புங்கள், இங்கே மட்டும் வேறு வழி தேட வேண்டாம். மீன்கொத்தியும் பஞ்சுருட்டானும் மண்கரையில் குடையும் பொந்தில் குச்சி விடக் கூடாது, உள்ளே பாம்பும் இருக்கலாம். தாமரை இலைமேல் முட்டையிடும் நீளவால் இலைக்கோழியில் அடைகாப்பது ஆண். முக்குளிப்பான் மிதக்கும் கூட்டை விட்டுப் போகும்போது முட்டைமேல் பாசியை இழுத்து மூடிவிட்டுப் போகும். கரையிலிருந்து பார்த்து ‘வெற்றுக் கூடு’ என்று எழுதிவிடாதீர்கள்.

தாளும் கணக்கும்

கூடு ஒன்றுக்குத் தாள் ஒன்று. மேலே: கூட்டு எண், பறவை, மரம், தரையிலிருந்து உயரம், வாசல் திசை, கண்டுபிடித்த நாள். கீழே நீங்கள் போய்ப் பார்த்த ஒவ்வொரு முறைக்கும் ஒரு வரி: நாள், நேரம், வானிலை, நின்ற தூரம், பறவை செய்தது, நிலை. நிலைக்குச் சுருக்கக் குறி வைத்துக்கொள்ளுங்கள்: க – கட்டுகிறது, அ – அடை, கு – குஞ்சு, ப – பறந்தது, அழி – அழிந்தது, தெ – தெரியவில்லை. ‘தெ’ என்று எழுதத் தயங்கும் பிள்ளைதான் பொய்க்கணக்கு எழுதும். அதை எழுதியதற்காகப் பாராட்டுங்கள். பறவை வராத அரைமணி நேரத்தையும் பூஜ்யம் என்று எழுதியாக வேண்டும்.

உயரத்தை ஏறி அளக்க வேண்டாம். ஒரு மீட்டர் குச்சியைச் சமதரையில் நட்டு அதன் நிழலையும், கூடு இருக்கும் கிளையின் நிழல் மரத்தடியிலிருந்து எவ்வளவு தூரத்தில் விழுகிறது என்பதையும் அதே நேரத்தில் அளங்கள். குச்சி நிழல் 0.8 மீட்டர், கூட்டு நிழல் 6.4 மீட்டர் என்றால் உயரம் 8 மீட்டர். கூடு மரத்தை விட்டு விலகித் தொங்கினால், அதற்கு நேர்கீழான புள்ளியிலிருந்து அளக்க வேண்டும்.

கூடுகளில் எத்தனை தேறின என்று கணக்கிடும்போது எல்லாரும் செய்யும் பிழை ஒன்று இருக்கிறது. பன்னிரண்டு கூடு பார்த்தோம், ஆறு அழிந்தது, ஆகவே 50 விழுக்காடு வெற்றி என்று எழுதுவார்கள். ஆனால் கட்டிய இரண்டாம் நாளே அழிந்த கூடு உங்கள் கண்ணில் பட்டிருக்கவே இருக்காது. நீங்கள் கண்டுபிடித்தவை ஏற்கெனவே சில நாள் தப்பிப் பிழைத்தவை. அதனால் வெற்றி உள்ளதைவிடக் கூடுதலாகத் தெரியும். அமெரிக்கப் பறவை ஆய்வாளர் ஹெரால்ட் மேஃபீல்ட் 1961-ல் இதற்கொரு வழி சொன்னார்: கூட்டை எண்ணாமல் கூட்டு-நாளை எண்ணுவது. பன்னிரண்டு கூடுகளையும் நீங்கள் கவனித்த நாட்களைக் கூட்டினால் 120 என்று வைத்துக்கொள்வோம். ஆறு அழிந்தன. ஒரு நாளில் அழியும் வாய்ப்பு 6 ÷ 120 = 0.05, தப்பும் வாய்ப்பு 0.95. முட்டையிலிருந்து பறக்கும்வரை 28 நாள் என்றால் 0.95-ஐ 28 முறை பெருக்க வேண்டும். வருவது 0.24. அதாவது நான்கில் ஒன்றுதான் தேறுகிறது, இரண்டில் ஒன்று அல்ல. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை கால்குலேட்டரில் போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு இது. அடுக்குக்குறி எதற்குப் பயன்படும் என்று அப்போது நன்றாகப் புரியும். இதற்காகவே கண்டுபிடித்த நாள், கடைசியாக உயிரோடு பார்த்த நாள் இரண்டும் தாளில் விட்டுப்போகக் கூடாது.

இடையில் வரும் சிக்கல்கள்

கணக்கு அறுபடுவது பெரும்பாலும் காலாண்டு, அரையாண்டுத் தேர்வு வாரங்களில். யார் எந்த வாரம் என்று ஆண்டுத் தொடக்கத்திலேயே பட்டியல் போட்டு, தேர்வு வாரங்களை வேறு வகுப்புப் பிள்ளைகளிடம் கொடுங்கள். குளத்துக்கு இருவருக்குக் குறைந்து போகக் கூடாது, நீரில் இறங்கக் கூடாது. இடி கேட்டால் வீடு. தென்னைக்கு நேர்கீழே உட்காராதீர்கள். காய்ந்த மட்டை விழும்.

குஞ்சு கீழே கிடக்கிறது என்று தூக்கிக்கொண்டு வருவார்கள். இறகு முளைத்து, தத்தித் திரிந்தால் அது பறக்கப் பழகும் குஞ்சு. எடுத்த இடத்துக்கே கொண்டுபோய், பூனை எட்டாத ஒரு கொப்பில் விட்டு விலகுங்கள், தாய் அருகிலேயே இருக்கும். இறகே இல்லாவிட்டால், கூடு எட்டும் உயரமென்றால் மெதுவாகத் திரும்ப வையுங்கள். மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது உண்மையல்ல. காயம் பட்டிருந்தால் காற்றோட்டமுள்ள அட்டைப் பெட்டியில் வைத்து மூடி, வனத்துறைக்குச் சொல்லுங்கள். வாயைப் பிளந்து தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலில் போய்விடும்.

பட்டியல்களைப் பொறுப்பாளர் பெயரில், பறவைப் பட்டியல்களைச் சேர்த்து வைக்கும் ஈபேர்டு இணையதளத்தில் ஏற்றலாம். பார்த்த, கேட்ட எல்லாப் பறவையையும் எழுதியிருந்தால் மட்டுமே ‘முழுப் பட்டியல்’ என்று குறிக்க வேண்டும். 2015 முதல் தமிழ்நாட்டில் பொங்கல் நாட்களில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பும், பிப்ரவரியில் உலகெங்கும் நான்கு நாள் நடக்கும் கணக்கெடுப்பும் பிள்ளைகளுக்கு நல்ல வாய்ப்பு. ஓரிடத்தில் 15 நிமிடம் நின்று எண்ணினாலே ஒரு பட்டியல் சேரும். கூட்டுத் தாள்களை மட்டும் அப்படிப் பொதுவில் வைக்காமல், இரண்டு படி எடுத்து, ஒன்றைப் பள்ளி நூலகத்திலும் ஒன்றைப் பொறுப்பாளரிடமும் வையுங்கள். மரத்தின் வரைபடமும் கூட்டு எண்களும் அதோடு சேர்ந்தே இருக்க வேண்டும். அடுத்த ஆண்டு வரும் பிள்ளைகள் அதே மரத்தடியிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.